மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது

1

இந்தக் கதை, நான் சொல்லாமல் விட்ட ஒரு வசனத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நடுவில் ஒப்புக்கொண்டால் கதைக்கு அழகு கூடும், எனக்கு வெட்கமும் கூடும்.

1997இல் கனடாவில், ஸ்கார்பரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். அங்கே கேட்ட எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். செடியின் பெயரையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு பிரதியில் அது துளசி, இன்னொன்றில் கறிவேப்பிலை. இரண்டிலும் கதை படுத்துவிட்டது. கறிவேப்பிலைக்காக ஒரு மனுசன் பொலிசுக்குப் பயப்படுவானா? சரி, சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடி. இரண்டு.

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

வசந்தம் மோர்னிங்சைட் வீதிக்குப் பிந்தித்தான் வந்தது, ஒன்பதாம் மாடியில் இன்னும்

(விட்டுவிட்டேன். கதைக்குள் போகப் பயந்தவர்கள்தான் காலநிலையில் தொடங்குவார்கள்.)

அருள்நாயகம் தன் வாழ்நாளில் ஒரு தரமும் சட்டத்தை மீறி

(பொய். அவர் கனடாவுக்கு வந்த பாஸ்போர்ட்டில் இருந்தது வேறு ஆளின் படம்.)

2

அருள்நாயகம் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரில் அவர் புகையிலைக்காரர். இலையைத் தடவிப் பார்த்தே தோட்டத்துக்கு என்ன வேண்டுமென்று சொல்லிவிடுவார் என்று அவருடைய மனைவி குணவதி சொல்லுவாள். அதில் பெருமை பாதி, நக்கல் பாதி. பிள்ளைகள் இல்லை. ஒன்பதாம் மாடியில் ஒரு அறை வீடு, ஒரு பல்கனி, அதில் ஒரு பாகற்கொடி.

அந்த வருடம் சித்திரையில் குணவதிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ ஊசி தொடங்கினார்கள். அதன்பிறகு சோறு கொதிக்கிற மணம் வந்தாலே அவள் ஓங்காளித்தாள். நாற்பத்தாறு கிலோவில் இருந்தவள் நாற்பத்து மூன்றுக்கு வந்தாள். குணவதி பக்கத்தில் இருக்க, டொக்டர் அருள்நாயகத்தைப் பார்த்து இரண்டு வசனம் சொன்னார். நான் தமிழில் சொன்னது இது:

"எடை நாப்பதுக்குக் கீழ போகக் கூடாதாம். போனா ஊசியை நிப்பாட்டிப் போடுவினமாம்."

(டொக்டரின் இரண்டாவது வசனம்: "இந்த ஊசி நோயை மாற்றாது, மாதங்களைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான்." அருள்நாயகத்தின் கையில் குணவதியின் கைப்பை இருந்தது. அதன் வாரை அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அந்த வசனத்தை விழுங்கிவிட்டேன்.)

அன்றிலிருந்து அருள்நாயகத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு இலக்கம்தான். நாற்பது.

3

கீமோ எடுக்க வருகிறவர்களில் செலீன் என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயது, வாய்க்காரி. அவள் ஒரு நாள் வெண்ணெய் பூசிய பாண் துண்டொன்றைக் கொண்டுவந்து குணவதிக்குக் கொடுத்தாள். அன்று பின்னேரம் குணவதி மூன்று இடியப்பம் சாப்பிட்டாள். அருள்நாயகம் சமையலறை வாசலில் நின்று மூன்றையும் எண்ணினார்.

அடுத்த கிழமை செலீன் வீட்டுக்கே வந்தாள். தயிர்ப் பேணி இரண்டில் இரண்டு கன்றுகள்.

"அண்ணை, அண்டைக்குப் பாணில பூசினது முடிஞ்சுது. உதுகளை வளருங்கோ. முத்தினோடன வெட்டிக் காயவைச்சு, பட்டரில காய்ச்சிக் குடுங்கோ. அக்கா சாப்பிடுவா."

"பிள்ளை, இஞ்ச நிரந்தரமா இருக்கிற லாண்டட் பேப்பர் எங்களுக்கு இன்னும் வரேல்லை. பிடிபட்டாத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களே?"

"பாவக்காய்க் கொடிக்குப் பின்னால வையுங்கோ. ஒன்பதாம் மாடிக்கு ஆர் எட்டிப் பாக்கிறது?"

அவர் குணவதியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். கன்றுகள் பல்கனிக்குப் போயின.

4

இந்த இடத்தில் கதை கொஞ்சம் கட்டுரையாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு ஒரு சத்துக் குறைந்தால் அது மஞ்சளாகிச் சொல்லும். மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் விசயம். கீழே, பழைய இலைகளில் தொடங்கினால், குறைந்தது செடி தனக்குள் இடம்மாற்றக்கூடிய சத்து. பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நிற்க, இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். மஞ்சள் மேலே குருத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரும்பு. இரும்பைச் செடியால் ஒரு இலையிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது.

(இதைப் படிக்கும்போதே ஒரு உவமை வந்து வாசலில் நிற்கிறது. பழைய இலை, குருத்து, தாய், தியாகம். நான் கதவைத் திறக்கவில்லை. குணவதி கேட்டால் சிரிப்பாள்.)

ஆனியில் கீழ் இலைகள் வெளிறின. அருள்நாயகத்துக்கு ஒரு நிமிசம் போதும். "தழைச்சத்து," என்றார். அவருக்குத் தெரிந்த கைமருந்து மீன் கழுவிய தண்ணீர். இரண்டு நாள் ஊற்றினார். செடி நிமிர்ந்தது. பல்கனியால் வந்த மீன் நாற்றத்தில் குணவதி குடித்த கஞ்சி முழுவதையும் சத்தியெடுத்தாள். அந்தக் கிழமை எடை நாற்பத்திரண்டு. அவளைச் சாப்பிடவைக்க வளர்க்கிற செடி அவளுடைய சாப்பாட்டைப் பறித்துவிட்டது. அவர் பல்கனியை டெற்றோல் போட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு கடையில் மணமில்லாத உரப்பொடி வாங்கினார்.

ஆடியில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். மருந்துக்கடையில் கால் வீக்கத்துக்கு விற்கிற, மக்னீசியம் உள்ள எப்சம் உப்பில் ஒரு தேக்கரண்டியை நாலு லீற்றர் தண்ணீரில் கரைத்து விட்டார். பத்து நாளில் புது இலைகள் சுத்தமாக வந்தன. அதற்குப் பிறகு குருத்து வெளிறியது. அது அவரே தேடிய வினை. ஊர்ப் பழக்கத்தில் சாம்பல் போட்டிருந்தார். மண் காரமாகி, உள்ளே இருந்த இரும்பும் செடிக்கு எட்டவில்லை. சாம்பல் மண்ணைச் சுரண்டி எறிந்து, புது மண் போட்டு, ஊற்றும் தண்ணீரில் சொட்டு வினாகிரி விட்டார். அதுவும் தேறியது.

வேலையால் வந்தால் பல்கனி. சாப்பிட்டால் பல்கனி. உள்ளே வந்தால் குணவதியின் நகத்தைத் திருப்பிப் பார்ப்பார், கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னை இலை பாக்கிற மாதிரிப் பாக்காதேங்கோ."

"நாப்பத்தொண்டு கிலோ, குணம். நாப்பத்தொண்டு."

"அதுக்கு? வந்து பக்கத்தில இருங்கோவன்."

அவர் இருந்தார். ஐந்து நிமிசம் இருந்திருப்பார். பிறகு தண்ணீர் விட எழும்பிப் போனார்.

5

(நான் எழுத அஞ்சிய பகுதி இது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.)

ஆவணிக் கடைசியில் செலீன் வந்தாள். பாகற்கொடியை விலக்கினாள். செடிகள் இடுப்பளவு, இலைகள் கரும்பச்சை, ஒரு குறை சொல்ல முடியாது. அருள்நாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பூ எங்க?"

"முறிச்சுப்போட்டன்."

"என்ன?"

"கொழுந்தில பூ வைச்சுது. பூவை விட்டா இலை மெலிஞ்சு போகும். நுனி எல்லாம் முறிச்சுப்போட்டன். இலையைப் பார், என்ன தடிப்பு."

செலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணை. உதில மருந்து பூவிலதானே இருக்கு."

புகையிலைக்காரன் பூவை முறிப்பான். கைக்கு வேறு தெரியாது. அவர் பல்கனித் தரையில், வாளிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டார். எல்லா நோயையும் சரியாகக் கண்டுபிடித்து, எல்லாவற்றுக்கும் சரியான மருந்து கொடுத்து, எதற்காக வளர்த்தாரோ அதைத் தன் கையாலேயே கிள்ளி எறிந்திருக்கிறார்.

"பக்கக் கிளை பூக்கும்," என்றாள் செலீன். "ஆறு கிழமை செல்லும்."

அடுத்த வியாழன் ஆஸ்பத்திரியில் தராசு நாற்பதரை காட்டியது. அருள்நாயகம் கார் எடுக்கப் போன நேரம் குணவதி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு டொக்டர் ரெண்டு வசனம் சொன்னவர். நீர் ஒண்டுதான் சொன்னனீர். அந்தளவு இங்கிலிஷ் எனக்கும் விளங்கும்."

எனக்கு முகம் எரிந்தது.

"இப்ப சொல்லாதையும். பூவை முறிச்சதிலயே மனுசன் பாதியாப் போச்சு. செடி பூக்கட்டும். பூத்தாப் பிறகு நீர்தான் சொல்லவேணும். நான் சொன்னா நம்பமாட்டார்."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பூ வருகிறது, குணவதி பாண் சாப்பிடுகிறாள், தராசு நாற்பத்து மூன்று. அதோடு நிறுத்தினால் நல்ல கதை. அதற்கடுத்த மாதத்தை எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றில் மணம் பிடித்துக் கட்டட மனேஜர் வருகிறார், பிறகு பொலிஸ், லாண்டட் பேப்பர்

(கிழித்துவிட்டேன். படம் பார்ப்பதுபோல இருந்தது.)

மூன்றாவதில் நான் சித்திரையிலேயே இரண்டு வசனத்தையும் சொல்லிவிடுகிறேன். அருள்நாயகம் அழுகிறார். செடி வளர்க்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் குணவதிக்குப் பக்கத்தில் இருக்கிறார். இந்த முடிவில் ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் கதைத்துக்கொண்டு இருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்றிலும் என்னை நித்திரைகொள்ள விடாதது இதுதான். நான் இரக்கப்பட்டு அவருக்குக் கொடுத்தது ஆறு மாத நம்பிக்கையா, அவரிடமிருந்து எடுத்தது ஆறு மாதமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

7

ஐப்பசி. சனிக்கிழமை காலை. குளிர் தொடங்கியதால் செடிகளை அவர் உள்ளே எடுத்து ஜன்னலோரம் வைத்திருந்தார். தொலைபேசி இலக்கம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். நான் கொடுத்திருந்தேன்.

"தங்கச்சி, பூத்திட்டுது!"

அவருடைய குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து குணவதி, "ஆரோட கதைக்கிறியள்?" என்றாள். அவர் என் பெயரைச் சொன்னார். அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

"ஆனா ஒண்டு," என்றார். "கீழ் இலை எல்லாம் மஞ்சளாகுது. தழைச்சத்துக் குடுத்தன், கேக்கேல்லை. உப்பும் குடுத்தன், கேக்கேல்லை."

பூ முற்றும்போது கீழ் இலைகள் அப்படித்தான் போகும் என்று செலீன் எனக்குச் சொல்லியிருந்தாள். அது குறையில்லை. அதற்கு ஒரு மருந்தும் வேண்டியதில்லை.

இந்த இடத்திலிருந்து எனக்கு எழுத வரவில்லை. அன்று நான் என்ன சொன்னேன் என்பதை இருபது விதமாக எழுதிவிட்டேன். எதை நம்புவதென்று எனக்கே தெரியவில்லை. ஆகவே தொலைபேசியை உங்களிடம் தருகிறேன். இரண்டாவது வசனம் உங்களுக்கும் தெரியும், மேலே எழுதியிருக்கிறேன். குணவதி கட்டிலில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அருள்நாயகம் செடிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார், ஒரு கையில் ரிசீவர், மற்றக் கையில் மஞ்சள் இலை.

"சொல்லும் தங்கச்சி," என்கிறார். "இதுக்கு இனி என்ன குடுக்கிறது?"