சூடா, ஒளியா?

1996-இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எங்கு திரும்பினாலும் கட்டட அடித்தளத்துக்குத் தூணடிக்கும் சத்தம்தான். சந்திரகலாவின் ஆய்வுக்கூடத்துக்கு நேர் பின்னாலும் புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. இரும்புச் சம்மட்டி விழும்போதெல்லாம் அவளுடைய லேசர் மேசை அதிரும். மூன்று மாத உழைப்பு இப்படியே வீணாகியிருந்தது.

கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து அவள் ஆராய்ந்தது ஒரு மெல்லிய வனேடியம் ஆக்சைடு படலத்தை. சாதாரணமாக அதில் மின்சாரம் சரியாக ஓடாது. அறுபத்தெட்டு டிகிரிக்குச் சூடேற்றினால் உலோகம் போல் ஆகிவிடும். லேசர் துடிப்பு பட்டாலும் அப்படியே மாறுகிறது, அது ஒளியின் வேலை என்றாள் அவள். துறைத் தலைவர் பழனியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"லேசர் பட்டா சூடாகத்தானே செய்யும்? அப்புறம் ஒளியோட வேலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. சூட்டால் என்றால் மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒளி நேரடியாக மாற்றினால் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதை அளக்க ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் துடிப்பு படலத்தை அடிக்கும். இரண்டாவது துடிப்பு சற்றுப் பின்னால் வந்து, படலம் மாறிவிட்டதா என்று காட்டும். எவ்வளவு பின்னால் என்பதை ஒரு கண்ணாடியைத் தலைமயிர் கனத்துக்கும் குறைவாக நகர்த்தித் தீர்மானிக்க வேண்டும். தரை அதிரும்போது அது நடக்கிற காரியமா?

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மதியம் இரண்டு மணி நேரம் கட்டட வேலை நிற்கும். அது போதாது. அவள் கட்டட வேலையின் மேற்பார்வையாளர் சபாபதியைத் தேடிப் போனாள்.

"அண்ணே, இந்த வெள்ளிக்கிழமை மட்டும் நாலு மணி வரைக்கும் தூணடிக்கிற பைலிங் வேணாமே?"

"எதுக்கு மேடம்? பரீட்சையா?"

"ஒரு சாமான் வெளிச்சம் பட்டதும் வேற சாமானா மாறுது. சூட்டாலயா வெளிச்சத்தாலயான்னு பாக்கணும். மேசை ஆடினா ஒண்ணும் தெரியாது."

சபாபதி தலையைச் சொறிந்தார். "நாலு மணியெல்லாம் முடியாது லா, பாஸ் கத்துவாரு. தொழுகை முடிஞ்சதும் லோரிலருந்து சிமெண்ட் எறக்குற வேலைய முதல்ல வச்சுக்கறேன். மூணரை வரைக்கும் ஓகேயா?"

வெள்ளிக்கிழமை சத்தம் அடங்கியது. லேசரைச் சரிப்படுத்தவே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு திரையில் தட்டையாக வந்த கோடு சட்டென்று செங்குத்தாக ஏறி நின்றது.

 சந்திரகலா படலத்தை அடிக்கும் முதல் கதிரை ஓர் அட்டையால் மறைத்தாள். ஏற்றம் காணாமல் போயிற்று. அட்டையை எடுத்தாள், மறுபடி ஏறியது.

"வந்துடுச்சுக்கா!" என்றான் உடன் வேலை செய்யும் ஜெயராஜ்.

"கொண்டாடாத. இன்னும் ரெண்டு தடவை எடுப்போம்."

இரண்டு முறையும் அதே ஏற்றம், அதே வேகம். மூன்றரைக்குச் சம்மட்டி விழுந்தபோது அளவுகளை அச்செடுத்த தாள்கள் அவள் கையில் இருந்தன.

பழனியப்பன் தாளில் செங்குத்தாக ஏறிய அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் நினைச்சது தப்பு. சூடு இவ்வளவு வேகமா வேலை செய்யாது," என்றார். "படலத்தைக் குளிர வச்சும் இதே ஏற்றம் வந்துட்டா, சூடுன்னு யாரும் வாய் திறக்க முடியாது. எத்தனை வெள்ளிக்கிழமை வேணும்?"

"ஆறு, சார்."

"சபாபதி நம்பர் என்ன?" என்றபடி அவர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.