அம்மனுக்கு முதுகு காட்டாமல்

மேடையைப் பார்த்ததுமே ரஞ்சனிக்குச் சிக்கல் புரிந்துவிட்டது. சேரங்கோடு எஸ்டேட் மாரியம்மன் திருவிழா மேடையை வழக்கம்போலச் சந்நிதியைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். ஆட்டமும் பாட்டும் அம்மன் பார்க்கத்தானே. சனங்கள் நடுவில் உட்கார்ந்து ஓசியில் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து வயலின்காரர்களை வேனில் கூட்டி வந்திருந்தாள். அவள் எதையும் வாசிப்பதில்லை. அவர்கள் எதிரே நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவள். அப்படி நின்றால் முதுகு நேராக அம்மனுக்கு.

"மேடையில முதுகக் காட்டிக்கிட்டு நிக்கப்படாது புள்ள," என்றார் கமிட்டித் தலைவர் வடிவேல். "நீ நம்ம லயத்து வீட்டுல பொறந்து வளந்த புள்ள, உனக்குத் தெரியாததா?"

"நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னா, அவங்க முதுகு காட்டணுமே மாமா."

"அதுவும் ஆகாது."

முதல் வயலின் வாசிக்கும் பெனிஸ், நாற்காலிகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டான். மேடையின் ஒரு ஓரம் அவர்கள், மறு ஓரம் அவள். யார் முதுகும் அம்மனுக்கு இல்லை.

"அப்படியே நடுவுல எல்லாரும் வாசிப்ப நிறுத்துற அந்த மௌனத்தையும் வெட்டிருவோம்க்கா. முடிஞ்சுதுன்னு விசிலடிச்சிருவாங்க. அப்புறம் நம்மால மறுபடி எடுத்து வாசிக்கவே முடியாது," என்றான்.

அவன் பயந்ததில் தப்பில்லை. கோவை அரங்கிலேயே அந்த இடத்தில் கைதட்டி மானத்தை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த மௌனம் போனால் அந்த இசையே போயிற்று. அதைவிட, முன்வரிசையில் அம்மா சின்னம்மை உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு என்ன வேலை என்று லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் தெரியாமல் மழுப்பியே காலத்தை ஓட்டியவள். இன்று எல்லார் முன்னாலும் அவள் தலைகுனிந்தால் ரஞ்சனியால் தாங்க முடியாது.

இருந்தும், "வெட்ட வேண்டாம்," என்றாள்.

தொடக்கத்தில் ஒரே சலசலப்பு. பாடகர் யாரும் வரவில்லையா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கியது. மற்ற அரங்குகளில் ரசிகர்கள் அவள் முதுகைத்தான் பார்ப்பார்கள். இங்கே முகமும் கையும் தெரிந்தன. கை எழுந்தால் இசை பெருகுவதையும், விரல் மடங்கினால் ஒடுங்குவதையும் பொடிசுகள்கூடக் கண்டுபிடித்துவிட்டன.

அந்த இடம் வந்தது. இடது கை மேலே போய் நின்றது. வயலின்கள் நின்றன.

ஒரு கைகூடத் தட்டவில்லை. கடலை வறுப்பவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்திருந்தார். கூட்டம் மொத்தமும் அவள் கையையே பார்ப்பதை ரஞ்சனி ஓரக்கண்ணால் கண்டாள். மற்ற நாட்களில் பயந்து பயந்து அவசரமாய் இறக்கும் கையை, இன்று ஆசை தீரப் பிடித்திருந்தாள். பெனிஸ் கண்ணாலேயே கெஞ்சினான். பிறகுதான் இறக்கினாள்.

முடிந்ததும் எழுந்த விசிலில் மேடைப் பலகை அதிர்ந்தது. ரஞ்சனிக்கு அப்பாடா என்றிருந்தது. மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்த இடது கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"நீ இத எறக்குற வரைக்கும் எங்க ஒருத்தருக்கும் மூச்சே வரல புள்ள."