வக்துக்கு ஒரு ஒளு

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம். வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்து, தில்ஷாதை உயிரோடு ஆம்பூருக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பிழைத்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அங்கேதான் வந்தது வினை. தும்மினால் சிறுநீர் சொட்டு, குனிந்தால் சொட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாலும் சொட்டு. கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு தொழ நின்றால், நெற்றி பாயைத் தொடுவதற்குள் பாவாடை நனைந்துவிடும். நனைந்தால் ஒளு முறிந்தது, மறுபடி முதலிலிருந்து. ஒரே தொழுகையை நாலு தடவை தொடங்கிப் பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டி வைத்து அழுதாள்.

அழுது முடித்துத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். தண்ணீர் குடித்தால்தானே சொட்டும்? குடிப்பதை நிறுத்திவிட்டாள். சித்திரை வெயிலில், அதுவும் ஆம்பூரில்! அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல? நாலாம் நாள் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிச்சல், குளிர்காய்ச்சல். சொட்டு மட்டும் நிற்கவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வண்டியில் வந்த நர்சு அன்னம்மாள் பார்த்ததும் பதறினாள்.

"இன்னாம்மா இது, நாக்கு இப்படி வறண்டு கெடக்குது? தண்ணி ஜாஸ்தி குடிக்கணும்மா. கம்மி பண்ணா உள்ள புண்ணாயிடும். சொட்டறது போகப்போகக் கொறையும்."

"அதுவரைக்கும் தொழாம கெடக்கவா?"

அன்னம்மாள் கிறிஸ்தவ வேதக்காரி, என்ன சொல்வாள்? "அத உங்க ஹஜ்ரத்தைத்தான் கேக்கணும்" என்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு பெண் இதைப் போய்க் கேட்பதா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்றிருந்தது தில்ஷாதுக்கு.

தட்டிக்கு அப்பால் புருஷன் மஹபூப் பாஷா இருந்தான். தோல் ஷாப்பில் தோல் சுரண்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், பொழுது சாயத் திரும்பி வந்தான்.

"கேட்டுட்டேன். நிக்காம சொட்டறவங்களுக்கு தொழுகை நேரம் வந்ததும் வக்துக்கு ஒரு ஒளு செஞ்சா போதுமாம். துணிய மாத்திக் கட்டிக்கிட்டு நில்லு. நடுவுல சொட்டினா எழுந்திருக்க வாணாம். தொழுகை சேருமாம்."

தில்ஷாதுக்கு உயிர் வந்தது. அன்றே ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு சைரா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏன் தில்ஷாத், உன் வூட்டுக்காரருக்கு நீர் சொட்டுதாமே? பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் கேட்டாராம். ஷாப்புல ஒரே சிரிப்பாம். பாவம், இந்த வயசுலயே!"

தில்ஷாத் உள்ளே ஓடினாள். அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குன்னா கேட்டீங்க?"

"பின்னே, உன் பேரச் சொல்லியா கேப்பேன்?"

"மானம் போச்சேங்க!"

"ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம் வேற எவனாச்சும் கெடைப்பான்." கஞ்சியைக் குடித்து முடித்து, அந்தச் சிரிப்புக்கு நடுவில் வேலைக்குப் போனான்.

நடுப்பகல் பாங்கு கேட்டதும் அவள் துணி மாற்றி, ஒளு செய்து, பாயில் நின்றாள். நெற்றியைத் தரையில் வைத்தபோது சொட்டியது. பழக்கத்தில் உடம்பு எழப் பார்த்தது. இது அவர் ஊர்ச்சிரிப்பை வாங்கிக்கொண்டு தனக்குக் கொண்டுவந்து கொடுத்த தொழுகை என்று நினைத்தாள். நெற்றியை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.