நரிக் கோயிலில் தொங்கிய பலகை

சுஜினோ எனக்குத் தரவேண்டியது இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐந்து யென். அந்த ஐந்து யென் இந்தக் கோயில் உண்டியலில் போட வாங்கியது. ஜனவரியில் கும்பிட வந்தபோது அவனிடம் சில்லறை இல்லை.

இப்போது டிசம்பர் முடியப் போகிறது. உமேதா ரயில் நிலையத்துக்குப் பின்னால், பச்சிங்கோ சூதாட்டக் கடையின் இரைச்சலுக்கும் கார் நிறுத்தும் கட்டடத்துக்கும் இடையில் ஒடுங்கி நிற்கிறது நரிகள் காவல் இருக்கும் இனாரி சாமி கோயில். நாங்கள் சாரம் கட்டும் இடம் இரண்டு தெரு தள்ளி. நாளை சுஜினோ ஊருக்குப் போகிறான். திரும்புவானா, தெரியாது. ஒரு வருடமாக நான் பணத்தைக் கேட்க வாயெடுப்பதும் அடக்குவதுமாகவே போயிற்று. பதினோரு வருடமாகச் சாரத்தின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். கேட்டால் அந்தச் சிநேகம் முறிந்துவிடுமோ என்ற பயம். சாமி முன்னால் கேட்டுவிடலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனை இழுத்து வந்தேன்.

கை கழுவினோம். வேண்டுதல் பலகைகள் தொங்கும் கம்பியைத் தாண்டும்போது நின்றேன். பழைய பலகைகளை வருடப் பிறப்புக்குப் பிறகு எரித்துவிடுவார்கள். என்னுடையது அடியில் கிடந்தது. ஓரத்தில் என் கட்டைவிரல் பெயிண்ட் கறை. எழுதியது சுஜினோ. கண்ணாடியை மறந்துவிட்டேன், என் முழங்கால் குணமாகட்டும் என்று எழுது என்று ஜனவரியில் அவனிடம் கேட்டிருந்தேன்.

விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"நருஸேயின் முழங்கால் குணமாகட்டும்."

கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி.

"அவன் பணத்தைக் கேட்காமல் இருக்கட்டும்."

சுஜினோவின் முகம் வெளுத்தது.

"யோவ், நீ படிக்கிறியா?"

"ஏப்ரல்லேருந்து ராத்திரிப் பள்ளிக்கூடம் போறேன். ஏன்டா, என் காசைப் போட்டு எனக்கெதிராவே வேண்டிக்கிட்டியா?"

"காசு உன்னுது. அதான் பலிச்சிருச்சு போல."

"கால் சரியாகலியே!"

"ரெண்டு வேண்டுதலுக்கு அஞ்சு யென் பத்துமா?"

சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் உருட்டினான். "கண்ணாடிய மறந்துட்டேன்னு நீ சொன்னப்பவே தெரியும். உன்கிட்ட ஏது கண்ணாடி?"

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் வருஷமே."

தினமும் காலையில் எச்சரிக்கைப் பலகை முன்னால் நின்று, இன்று எந்தத் தட்டில் ஏறக்கூடாது, எந்தப் பக்கம் மின்கம்பி என்று சுஜினோ உரக்கப் படிப்பான். வாய் ஓயாதவன் என்று மற்றவர்கள் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பதினோரு வருடம். நான் எங்கும் விழவில்லை.

"பணத்த எப்படியாவது..." என்று ஆரம்பித்தான்.

"அஞ்சு யென் இருக்கா?"

பைகளைத் துழாவி, நடுவில் ஓட்டை போட்ட ஒற்றை நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது.

"அவ்வளவுதான். கணக்கு முடிஞ்சுது."

"நருஸே, மீதி..."

"வாய மூடிட்டுக் கும்பிடு."

நாணயத்தை உண்டியலில் போட்டேன். இருவரும் குனிந்து, கோயில் வழக்கப்படி இரண்டு முறை கை தட்டினோம். எங்கள் பின்னால் ரயில் ஒன்று கடந்தது. அந்தக் காற்றில் பலகைகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.