பெருமாள் கனக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை

சிறுசேரியில் இருக்கும், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் அந்தக் கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு நானாகப் போகவில்லை. மகள் மேக்னா இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஐ.டி. ஆபீஸ் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஒரு மாதமாகச் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

டாக்டர் பெயர் ஜெயந்த். முப்பது வயதுகூட இருக்காது. பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

"முதல் ரெண்டு வாரம் மூணு மூணு தடவ வரணும் சார். அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அழுத்துறப்ப சொடக்கு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. மறுநாள் அடிச்சுப்போட்டாப்ல வலிக்கும், சரியாயிடும். கால் மரத்துப்போனா மட்டும் உடனே சொல்லணும்" என்று மனப்பாடமாக ஒப்பித்தான். பிறகு, "கனமா எதுனா தூக்குவீங்களா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

என்னைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர்ப் பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணுகிறேன். கருட சேவையில் வாகனத்தைத் தூக்கும் வலப்பக்கத் தண்டில் முன்னிடம் என்னுடையது. அதற்காகவே தாலுகா ஆபீஸில் வெளியூர் மாற்றலோடு வந்த பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவன் நான். தோள் கன்றி ரத்தம் கட்டினாலும் 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்போமே தவிர, பெருமாள் கனக்கிறார் என்று எங்களில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அது அபசாரம்.

குப்புறப் படுக்கவைத்து ஜெயந்த் என் முதுகை நொறுக்கினான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவனைச் சபித்தேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு குனிந்து செருப்பு மாட்டினேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வாரமே கருட சேவை. தூக்கினேன். மறுநாள் காலை வலது பாதம் மரத்துப்போயிருந்தது. தரையில் வைத்தால் பஞ்சில் வைத்த மாதிரி. மேக்னா மறுபடி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா தூக்குனீங்க?" என்றான் ஜெயந்த்.

"எதுவும் தூக்கல. நீதான்யா ஒடச்சிட்ட!" என்று கத்தினேன்.

மேக்னா செல்போனில் ஒரு போட்டோவை எடுத்து அவனிடம் நீட்டினாள். கருடன்மேல் பெருமாள், கீழே வாயைப் பிளந்துகொண்டு நான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"இது எவ்ளோ வெயிட்டு சார்?"

"இது இல்ல. பெருமாள்."

"சரி, பெருமாள் எவ்ளோ வெயிட்டு?"

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அவனோ, "இனிமே உங்க முதுகுல நான் கை வெக்க மாட்டேன். இன்னிக்கே ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டர்கிட்ட போங்க. இன்னொரு தடவ தூக்குனா பாதம் தொங்கிப்போயிடும். மறைச்சது நீங்க, திட்டு எனக்கா?" என்றான். மேக்னா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிளினிக் வாசல் படியில் உட்கார்ந்து பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டேன். அதே தண்டில் எனக்குப் பின்னால் நிற்பவன். யார் எந்த இடத்தில் தூக்குவது என்று எங்கள் ஆட்களை நிறுத்துவதும் அவன்தான்.

"இனிமே என் எடத்துல வேற ஆள வெச்சுக்க."

"இன்னாத்துக்கு மச்சான்?"

ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம். "கால் மரத்துப்போச்சு, டாக்டர்கிட்ட வந்திருக்கேன். கனம் தாங்கல" என்றேன். திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"எனக்கு ஆறு வருசமா எடது காலு மரத்துப்போய்த்தான் கீது" என்றான். "அந்த டாக்டரு நம்பர அனுப்பு."

ஆறு வருடம்! என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்றுகொண்டு! ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடப் பாவி, என்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?" என்றான்.