குளிக்காத ஊர்

1

இந்தக் கதை என் வாய்ச்சவடாலில் பிறந்தது. கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் அக்காவிடம் ஓசியில் தங்கி எழுத வந்திருந்தேன். "இப்ப எங்க ஊர்ல எல்லா விடுதியும் கணக்கைப் பகிர்ந்துக்கறோம். அதப் பத்தி எழுதேன்டா" என்றாள். "அதுக்கென்ன, ஒரே மூச்சுல எழுதிடலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் வரி: "நீலக்கடல் அலைமோத, தரவுகளின் ஒளியில் அந்நகரம்…" (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் முயற்சி: "அக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் உப்புக் கரித்தது." இது இருக்கட்டும். நடந்தது அதுதான்.

2

கூட்டம் கூடக் கூட விடுதிகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. காலியான இடத்தில் கடல் புகுந்துவிடுகிறது. அதனால் ஊர் கூடி ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு விடுதியும் தினமும் இரண்டு எண்களைக் கைபேசியில் போட வேண்டும்: எத்தனை விருந்தினர், எவ்வளவு தண்ணீர். எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தெருவில் நீர் இறங்குகிறதோ அந்தத் தெருவுக்குச் சில நாள் ஓய்வு. புதிதாக வருகிறவர்களை மறுகோடிக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவின் கிணறு பிழைக்க இதுதான் வழி. கிணறு போனால் விடுதியும் போச்சு.

(கட்டுரை மாதிரி இருக்கிறதா? பொறுங்கள், ஓரகத்தி வருகிறாள்.)

3

அக்காவின் ஓரகத்தி, அதாவது மாமாவின் தம்பி மனைவி, எதிரிலேயே விடுதி வைத்திருக்கிறாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, விட்டுக்கொடுத்தல் கிடையாது. அவளை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் நேற்றுதான் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மனசு வரவில்லை.

அவள் பார்க்கிறாளே என்று அக்கா விருந்தினர் எண்ணைக் கூட்டிப் போட்டாள்.* பழி வருமே என்று தண்ணீரைக் குறைத்துப் போட்டாள். எதிர்வீட்டிலும் அதே கதை. ஊரே அப்படித்தான்.

போன வாரம் நகராட்சியில் கூட்டம். கணக்கைத் தொகுக்கும் பெண் திரையைக் காட்டிக் கேட்டாள்: "ஊர் நிரம்பி வழியுது, சந்தோஷம். தண்ணி மட்டும் செலவாகவே இல்ல. இங்க வர்றவங்க யாருமே குளிக்கறதில்லையா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. அக்காவும் ஓரகத்தியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. நியாயமாகக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

* அந்த விருந்தினரில் அடியேனும் ஒருவன். தண்ணீர்க் கணக்கில் மட்டும் நான் இல்லை. யோசனை வரும் என்று ஷவரடியில் மணிக்கணக்காக நிற்பவன் நான்.

4

இன்று காலை. இனி உண்மைக் கணக்கைத்தான் போட்டாக வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது? அக்கா கைபேசியோடு மாடியில். எதிர்மாடியில் ஓரகத்தி.

"ஏய், உண்மைக் கணக்கைப் போட்டுட்டியா?"

"நீங்க போடுங்கக்கா, பாத்துட்டுப் போடறேன்."

"உன்னோடதப் பாத்துட்டுப் போடலாம்னுதானே நான் நிக்கறேன்!"

முடிவு ஒன்று: இருவரும் ஒரே நொடியில் போடுகிறார்கள், கிணறு இனிக்கிறது. (சினிமா.)

முடிவு இரண்டு: யாரும் போடவில்லை. அக்கா கடைசி அறையையும் பூட்டி… (வேண்டாம். என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று:

இதற்குள் அக்கா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"எங்களையே ஏண்டா போடச் சொல்ற? குளிச்சது யாரு, வந்தவங்கதானே? மொதல்ல நீ சொல்லு."

சொன்னேன்.

"அடப்பாவி!" என்று தலையில் குட்டினாள். "சரி, இதப் படிக்கறாங்களே, அவங்களும் எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பாங்கல்ல? அவங்களையும் போடச் சொல்லு. நாங்க பாத்துட்டுப் போடறோம்."

இரண்டு மாடிகளிலும் காத்திருக்கிறார்கள். போன தடவை வெளியூரில் அறை எடுத்தீர்களே, ஷவரை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தீர்கள்? குறைக்காமல் எழுதுங்கள்:

________