அம்மா ட்ரெஸ்

"கையைத் தூக்குடா கண்ணு" என்று சொன்ன கணேஷ்குமார், அடுத்த நொடியே "ஐயோ, வேணாம், இறக்கு இறக்கு" என்று பதறினான். தூக்கினால் அக்குளில் தையல் விட்டுவிடும். கட்டில் மேல் நின்றிருந்த மிதுனா இரண்டு உத்தரவுக்கும் கீழ்ப்படிந்து கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டாள். அவள் போட்டிருந்தது கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த நீல நிற ஜெர்மனி மழையுடுப்பு. கணுக்கால் வரை என்பது தைத்தவனின் எண்ணம். மிதுனாவுக்கு அது கெண்டைக்காலோடு நின்றுபோயிருந்தது. மணிக்கட்டும் அதற்கு மேல் நாலு விரற்கடை கையும் வெளியே தெரிந்தன. அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள, அவன் ஜிப்பை நெஞ்சு வரை ஏற்றினான். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, செல்போனைத் தலைக்கு மேல் பிடித்து, முகமும் தோளும் மட்டும் விழும்படி ஒரு படம் எடுத்தான். "சிரி" என்றதும் சிரித்தாள். எடுத்து முடித்ததும் உடுப்பை உரித்துப் போட்டுவிட்டு, செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிவிட்டான். குழந்தை இரண்டுக்கும் பெயரே வைத்திருந்தாள். நீலம் அம்மா ட்ரெஸ், மஞ்சள் ஸ்கூல் ட்ரெஸ்.

ஜெர்மனியில் இருக்கும் அவன் மனைவி இந்துமதி தினமும் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. லீவு கிடைக்கும் என்ற பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வந்த வழியே போயிற்று. இவனும் குழந்தையும் அங்கே போய்ச் சேர்வதாக ஒரு திட்டமும் உண்டு. அதற்காகத்தான் போலாரத்தில் இந்தத் திறந்தவெளிப் பள்ளிக்கூடத்தை அவளே அங்கிருந்தபடி தேடிக் கண்டுபிடித்தாள். "இங்க புள்ளைங்கள மழை, பனின்னு எதுவும் பாக்காம வெளியிலதாங்க விளையாட விடுறாக. இவளும் இப்பயிருந்தே பழகட்டும்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் உடுப்பையும் வாங்கி, ஊருக்கு வந்த சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். பேகம்பேட்டில் ஓர் அலுவலக வாசலில் நின்று கணேஷ்குமார் அந்தப் பொட்டலத்தை வாங்கிவந்தான்.

அன்று சாயங்காலமே அழைத்தாள். "அங்க மாதிரி வயசுக்கணக்கு இல்லங்க இங்க, உயரத்த வச்சுத்தான் சைஸு. வளர்ற புள்ளையாச்சேன்னு ஒரு சைஸ் கூடவே எடுத்திருக்கேன். இப்போதைக்குத் தொளதொளன்னுதான் இருக்கும். கையையும் காலையும் ரெண்டு மடிப்பு மடிச்சு விடுங்க."

அருப்புக்கோட்டையில் வளர்ந்த யாரும் பிள்ளைக்கு அளவாக உடுப்பு எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. சீருடையானாலும் தீபாவளிச் சட்டையானாலும் முதல் வருஷம் மடித்துத் தைப்பார்கள், அடுத்த வருஷம் மடிப்பைப் பிரிப்பார்கள். அந்த ஊரில் வளர்ந்த இந்துவும் அந்தக் கணக்கில்தான் எடுத்திருந்தாள். ஆனால் கடையில் நின்றபோது அவள் கண்ணுக்குள் இருந்தது, விமான நிலையத்தில் தூக்கி முத்தமிட்டுவிட்டுப் போன குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒரு சைஸ் கூட எடுத்தது, இந்தக் குழந்தைக்குப் போதவில்லை.

"ரெண்டு மடிப்பு மடிச்சேன். சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

பொய் சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. சொன்னால் காது சிவந்துவிடும். ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒருநாள், பேசிக்கொண்டிருக்கும்போதே மிதுனா எழுந்து கார்ட்டூன் பார்க்க ஓடிவிட்டாள். "என்னைய மறந்துட்டா, இல்லங்க?" என்று இந்து கேட்டாள். கேட்டுவிட்டு அவள் அழுத அழுகையைப் போனில் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்ய முடியும்? தோளைத் தொடக்கூட வழியில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை உனக்குத் தெரியாமலே வளர்ந்துவிட்டாள் என்று அதே ஆளிடம் போய் எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். இவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு அவனால் செய்ய முடிந்த ஒரே உபகாரம் அதுதான் என்று நம்பினான்.

முதல் நாள் அந்த உடுப்பிலேயேதான் பள்ளிக்கு அனுப்பினான். பள்ளி என்றால், ஒரு பழைய பங்களாவின் தோட்டம். வகுப்பறை கிடையாது. புளியமரங்கள், பாறைகள், ஒரு தார்ப்பாய், செம்மண் சகதி. இடி மின்னல் வந்தால் மட்டும் பிள்ளைகளை வராந்தாவுக்கு ஏற்றுவார்கள். மற்றபடி மழை அவர்களுக்குப் பாடம், வெயில் அவர்களுக்குப் பாடம். ஆளுக்கொரு பையில் மாற்றுத்துணி, துண்டு, தொப்பி. மரத்துக்கு மரம் கட்டிய கொடியில் ஈரத்துணி ஆடிக்கொண்டிருக்கும். மதியம் அழைக்கப் போனபோது மிதுனா மாற்றுத்துணியில் நின்றிருந்தாள். ஜெர்மனி உடுப்பு கொடியில் தனியாகத் தொங்கியது.

"காய்கு சார், எதுக்கு இவ்ளோ டைட்டா போட்டு அனுப்புறீங்க?" என்றார் ஜெயசுந்தரி மிஸ். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். அவருடைய தமிழில் பாதி தெலுங்கு, மீதி ஹைதராபாத் ஹிந்தி. "பச்சா பாவம், மரத்துல ஏற முடியல, குந்த முடியல. உள்ள பூரா வேர்வ. இது நக்கோ சார், வேணாம். நம்ம ஊரு பிளாஸ்டிக் கோட்டே போதும்."

"அவங்கம்மா வாங்கி அனுப்பினது மிஸ்" என்றான்.

அவர் கொடியிலிருந்து உடுப்பை எடுத்தார். "ஹவ் சார், ஆமா, நல்ல துணிதான்" என்று சொல்லி, உடுப்பை உதறி, அழகாக மடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஒரு நாளில் அவன் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அந்த வாசலில்தான். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களோடு இங்கிலீஷ். மகளோ தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையை விட்டுவிட்டு உடனே கிளம்பாமல் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைப்பது, ஹெல்மெட் வாரைச் சரிசெய்வது என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நிற்பான். மஞ்சளும் சிவப்புமாகப் பிள்ளைகள் சகதியில் குதிப்பதைப் பார்ப்பான். மிதுனா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அது நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பிறகு வீட்டுக்கு வந்து, அவள் மிச்சம் வைத்த தோசையை நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்கு உட்காருவான்.

ஆகஸ்ட் கடைசியில், விடாமல் பெய்த ஒரு காலையில் அந்த வினை நடந்தது. எழுந்ததே நேரம் கழித்து. படம் எடுக்கிற அவசரம் அவனுக்கு, மழையில் குதிக்கிற அவசரம் அவளுக்கு. "நக்கோ அப்பா, டைட்" என்று அவள் நெளிந்தாள். "ஒரே ஒரு போட்டோ, அம்மா பாவம்ல" என்று கெஞ்சினான். முந்தின நாள் இந்து, "கழுத்து வரைக்கும் ஜிப்பு போடுங்க, நெஞ்சுல ஈரம் இறங்கிரும்" என்று எழுதியிருந்தாள். அதனால் வழக்கத்துக்கு மாறாக மேலே வரை இழுத்தான். ஜிப் தாடைக்கடியில் தோலைக் கவ்விக்கொண்டது.

அந்த அலறலை அவன் அதுவரை கேட்டதில்லை. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஜிப் நின்றுவிட்டது. சமையலறைக்கு ஓடிப்போய்க் கத்திரிக்கோலை எடுத்துவந்து, குழந்தையின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்து, அந்த உயர்ந்த ஜெர்மன் துணியைக் கழுத்திலிருந்து வயிறு வரை வெட்டினான். நாலு சொட்டு ரத்தம்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தான். நடக்க நடக்க அவனுக்கும் அழுகை வந்தது. குழந்தையின் கால்கள் அவன் தொடைக்குக் கீழே வந்து இடித்தன. எப்போது இவ்வளவு நீளமானாள் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

அன்று படம் போகவில்லை. "இன்னைக்கு போட்டோ எங்க?" என்று இந்து இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தாள். சாயங்காலம் அழைத்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது தாடைக்கடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி.

"என்னாச்சுடா அங்க?"

"அம்மா ட்ரெஸ் கடிச்சிருச்சு" என்றாள் மிதுனா. எப்போதாவதுதான் வரும் தமிழ், அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது.

இந்து அவனைப் பார்த்தாள். இனி மறைக்க எதுவுமில்லை. முதல் நாளிலிருந்து மடிப்பே கிடையாது, ஸ்டூல் மேல் ஏறித்தான் படம் எடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னான். வெட்டியதையும் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"ஒரு சைஸ் கூடத்தானங்க எடுத்தேன்" என்றாள்.

"தெரியும் இந்து."

அவள் எழுந்தாள். போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். ஒற்றைக் கட்டிலும் ஜன்னலும் உள்ள அந்தச் சின்ன அறை முழுவதையும் அவன் அன்றுதான் பார்த்தான். அவள் கையை நீட்டி, தொடையருகே வெறும் காற்றில் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இவ்வளவு இருப்பாளா?"

அவன் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தான். "இல்ல. இன்னும் மேல."

"இவ்வளவா?"

"இன்னும்."

மிதுனாவுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, "இன்கா பைக்கி! அம்மா, இன்கா பைக்கி!" என்று அப்பாவின் 'இன்னும் மேல'யைத் தெலுங்கில் கத்தினாள். இந்துவின் கை இடுப்புக்கு வந்தது, இடுப்பைத் தாண்டியது. ஆளில்லாத அந்த இடத்தின் மேல் கை நின்றது. விரல்கள் மெல்ல மடங்கி, ஒரு தலையின் வளைவுக்கு வந்து, அப்படியே இருந்தன.